காணாக்கடி: ஒரு பையன், ஒன்பது நாள், ஒரு கறுப்புப் பக்கு

மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு ஒரு வாரம் இருக்கும். மாலை நேரம், காரைக்குடியில் என் கிளினிக்கில் நல்ல கூட்டம். ஐந்து வயதுப் பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். காய்ச்சல் ஆரம்பித்து ஐந்தாம் நாள். நெஞ்சிலும் வயிற்றிலும் தடிப்பு வந்து இரண்டாம் நாள்.

“அம்மா வந்திருக்குன்னு அயித்தை நிலையில வேப்பிலை சொருகிட்டாங்க சார். மருந்து மாத்திரைன்னு போகக்கூடாதாம். இப்ப மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்காங்க. அவங்க திரும்புறதுக்குள்ள நாங்க வீட்டுல இருக்கணும்.”

பார்த்தேன். வைரஸ் காய்ச்சல் என்றேன். தப்பாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அதே பையனை அந்த அயித்தையே, அதாவது பையனின் அப்பத்தாவே, தூக்கிக்கொண்டு வந்தார். நான் பார்க்காமல் விட்ட இடத்தை அவர்தான் காட்டினார்.

பிள்ளையின் தோலில் காரணம் தெரியாமல் ஏதாவது கிளம்பினால் எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும், எதுவரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று கேட்காத பெற்றோர் இல்லை. அதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட இந்தப் பையனின் நாட்களைப் பிரித்துப் பார்ப்பது எனக்குச் சுலபம். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடு

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மாவும் பையனும் அப்பத்தாவும் பெரிய வீட்டின் ஒரு பகுதியில் இருக்கிறார்கள். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீளும் வீடு. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ திறந்தால் உண்டு. மற்ற நாளில் பின்கட்டு எலிக்கும் பெருச்சாளிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே புல்லும் புதரும் பையன் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தன. மதில் இடிந்த இடம் வழியாக நுழைந்து, தெருப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கண்ணாமூச்சி ஆடுவார்கள்.

இந்தப் பத்தியில் இருப்பது எதையும் நான் முதல் நாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை பாதியாகியிருக்கும்.

முதல் நான்கு நாள்

சனிக்கிழமை காய்ச்சல், 101 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்தார்கள், இறங்கியது, திரும்ப ஏறியது. ஞாயிறும் அப்படியே. பையன் கஞ்சி குடித்தான், ஒழுங்காக மூத்திரம் போனான், காய்ச்சல் இறங்கிய நேரத்தில் டிவி பார்த்தான். இதுவரை வீட்டில் வைத்திருந்ததில் குற்றமே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். (மூன்று மாதம் நிறையாத கைக்குழந்தைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்குக் காய்ச்சல் என்றாலே அன்றைக்கே காட்ட வேண்டும், தடிப்பு இருக்கிறதோ இல்லையோ.)

திங்கட்கிழமை மருந்துக்கடையில் கேட்டு ஓர் ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கினார்கள். இதுதான் முதல் சிக்கல். செவ்வாய்க்கிழமை தடிப்பு வந்தபோது அது நோயால் வந்ததா, சிரப்பால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாத நிலையை அந்த சிரப் உண்டாக்கிவிட்டது. பின்னால் தெரிந்த நோய்க்கும் அது ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத மருந்து.

செவ்வாய் காலை சட்டை மாற்றும்போது வயிற்றில் புள்ளி புள்ளியாக இருந்ததை அப்பத்தா பார்த்தார். பார்த்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். நிலையில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பது நிறுத்தம், பிள்ளைக்குக் குளியல் நிறுத்தம், வெளி ஆள் வரக்கூடாது.

அப்பத்தாவைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். சின்ன வயதில் பெரியம்மையில் தங்கையைப் பறிகொடுத்தவர். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975இல். 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் அவர் கையில் அம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. வேப்பிலையால் கெடுதல் இல்லை, நோயாளியைத் தனியாக வைப்பதும் நல்லதுதான். கெடுதல் செய்தது குளிப்பாட்டாமல் விட்டது ஒன்றுதான். ஏன் என்று பிறகு தெரியும்.

எங்கள் பக்கம் தோலில் கிளம்புவதற்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. வேர்க்குரு, கரப்பான், அக்கி, மணல்வாரி, சின்னம்மை, காணாக்கடி. ஒவ்வொரு பெயருக்கும் போகிற இடம் வேறு. அக்கி என்றால் வேளார் வீட்டில் காவியால் எழுதிக்கொள்வார்கள். காணாக்கடி, அதாவது என்ன கடித்தது என்று கண்ணால் காணாத கடி, அதற்கு மந்திரிப்பார்கள். அம்மை என்றால் மாரியம்மன். பெயர் வைத்தாயிற்று என்றால் யாரிடம் போவது என்பதும் முடிவாகிவிடுகிறது. அதற்கப்புறம் யாரும் உடம்பை உற்றுப் பார்ப்பதில்லை.

எங்களிடமும் அப்படி ஒரு பெயர் உண்டு. “வைரல்.”

ஐந்தாம் நாள்: நான் பார்த்தது

எடை 17 கிலோ, காய்ச்சல் 102. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மிளகளவுப் புள்ளிகள், மேடில்லாமல் தட்டையாக, நெஞ்சு வயிறு முதுகு என்று பரவி இருந்தன. பாடப்புத்தகத்தில் எல்லாத் தடிப்பும் சிவப்பு. நம் பிள்ளைகளின் நிறத்தில் அது பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. அதனால் உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உள்பக்கம், கீழ் இமையை இழுத்து உள்ளே என்று நிறம் குறைந்த இடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தேன்.

நீர்க் கொப்புளம் இல்லை, எனவே சின்னம்மை இல்லை. தட்டம்மை என்றால் இருமல், மூக்கொழுகல், சிவந்த கண் எல்லாம் முன்னால் வந்துவிடும், தடிப்பும் காதுக்குப் பின்னால், நெற்றி ஓரத்தில் தொடங்கி முகம் வழியாக இறங்கும். இவனுக்கு முகம் தெளிவாக இருந்தது, தட்டம்மை ஊசியும் இரண்டு தவணை போட்டாயிற்று. மேசையில் இருந்த கண்ணாடி டம்ளரைப் புள்ளிமேல் அழுத்தினேன். மறைந்தது.

அந்த டம்ளர் சோதனையை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்கலாம். நம் வீட்டில் டம்ளர் என்றால் எவர்சில்வர்தான், ஆகவே ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. கண்ணாடியை அழுத்தும்போது அதன் வழியாகப் புள்ளி மங்கி மறைந்தால் அது ரத்தக் குழாய் விரிந்ததால் வந்த நிறம். மறையாமல் அப்படியே நின்றால் ரத்தம் குழாயைவிட்டுத் தோலுக்கடியில் கசிந்திருக்கிறது. அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 1 லட்சத்து 60 ஆயிரம். டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை நெகட்டிவ். தொண்டை லேசாகச் சிவந்திருந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வைரஸ்தான், இரண்டு நாளில் இறங்காவிட்டால் வாருங்கள், வாந்தியோ வயிற்றுவலியோ சோர்வோ இருந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பையனின் டிரவுசர் கடைசிவரை இடுப்பில்தான் இருந்தது.

ஏழாம் நாள்

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. கிளினிக் மூடும் நேரம். அப்பத்தா முன்னால், பின்னால் மருமகள்.

“தம்பி, பொரியெல்லாம் மறைஞ்சிருச்சு, அம்மா இறங்கிட்டான்னு நெனச்சுக் காலையில மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தினேன். சாயந்தரம் திரும்பக் கொதிக்குது உடம்பு. ரெண்டு தடவ வாந்தி. கூப்பிட்டாக் கண்ணத் திறந்து பாக்குறான், திரும்பத் தூங்கிடுறான்.”

“சரி ஆச்சி, இங்கே படுக்க வையுங்க.”

முகம் லேசாக உப்பியிருந்தது. கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இரண்டு விரற்கடை தட்டுப்பட்டது. நான் வயிற்றை அமுக்கிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா சொன்னார்: “இன்னொண்ணு தம்பி. தண்ணி ஊத்தையில பழைய அரணாக்கயித்த அறுத்துட்டுப் புதுசு கட்டலாம்னு பாத்தேன். கயித்துக்குக் கீழ ஒரு பக்கு இருக்கு. உரசுன புண்ணுன்னுதான் நெனச்சேன். ஆனா அமுக்கினா வலிக்கலங்கிறான். வலிக்காத புண்ணு என்ன புண்ணு?”

டிரவுசரை இறக்கினேன். வலது இடுப்பில், கயிறு படிந்த தடத்தின் மேலேயே, பயறு பருமனுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. சுற்றிலும் மெல்லிய சிவந்த வளையம். பீடி நெருப்பால் சுட்டதுபோல. கறுப்புக் கயிறு, அதற்கடியில் கறுப்புப் பொருக்கு. கயிறு இருந்தவரை நான் டிரவுசரை இறக்கிப் பார்த்திருந்தாலும் ஒருவேளை கண்ணில் பட்டிருக்காது. அந்தப் பக்கத்துத் தொடை இடுக்கில் சுண்டைக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது.

ஸ்க்ரப் டைபஸ், கண்ணில் படாத ஒரு சிற்றுயிர் கடித்து வரும் காய்ச்சல். புண்ணைப் பார்த்தபின் சந்தேகமே இல்லை. தினமும் குளிப்பாட்டியிருந்தால் சோப்புப் போடும் கை இதை நான்காம் நாளே கண்டிருக்கும். அம்மைக்காக நிறுத்திய குளியல் மறைத்ததை, அம்மை இறங்கியதற்காக ஊற்றிய தண்ணீர் காட்டிக் கொடுத்தது.

அன்றிரவே ஊரிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தட்டணுக்கள் 84 ஆயிரத்துக்கு இறங்கியிருந்தன, கல்லீரல் நொதிகள் மூன்று மடங்கு. நோயை உறுதிசெய்யும் ஐஜிஎம் எலைசா பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினோம், ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் உடனே ஆரம்பித்தோம். எட்டு வயதுக்குக் கீழே கொடுத்தால் பல் கறை படியுமே என்று மருந்தாளுநர் தயங்கினார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். அது பழைய டெட்ராசைக்ளின்களைப் பார்த்து வந்த எச்சரிக்கை. குறுகிய நாட்களுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கெடுவதில்லை, இந்த நோய்க்கு எந்த வயதிலும் கொடுக்கலாம் என்பதே இப்போதைய நிலை. அசித்ரோமைசினும் கேட்கும். கேட்காதவை அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் வகையறா, அதாவது மருந்துக்கடை சிரப்பில் வழக்கமாக இருப்பவை.

ஞாயிறு காலை காய்ச்சல் விட்டது. சரியான மருந்து போய்விட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். இறங்கியதே நோயை உறுதிசெய்த மாதிரி. எலைசா பாசிட்டிவ் என்று பிறகு வந்தது.

கடித்தது யார்

பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். நாய் காதில் தொங்கும் உண்ணி இல்லை இது. கால் மில்லிமீட்டர் தேறாத ஒரு சிற்றுயிரின் ஆறுகால் குஞ்சு. புல் நுனியில் காத்திருக்கும், எலி போனால் எலிமேல், பிள்ளை போனால் பிள்ளைமேல். உடையோ கயிறோ இறுகிய இடம், அக்குள், இடுக்கு, காதுக்குப் பின்புறம் என்று தேடிப்போய் ஒட்டும். வலிக்காது. கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும், அதற்குள் கொல்லையில் விளையாடியதே மறந்திருக்கும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. பொருக்கு எல்லாருக்கும் இருப்பதும் இல்லை. அது இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. டைபாய்டுக்கும் டைபஸுக்கும் பெயரொலி தவிர உறவு கிடையாது, ஆனால் வைடால் பரிசோதனைச் சீட்டோடு வந்து “டைபாய்டுன்னு சொன்னாங்க” என்பவர்களை மாதம் தவறாமல் பார்க்கிறேன்.

அந்தக் குஞ்சு கடிக்கும்போது உடம்பில் ஏறும் கிருமியின் பெயரில் இருக்கும் ‘சுசுகாமுஷி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு ஏறக்குறைய ‘நோய்ப்பூச்சி’ என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் படைகளை வாட்டிய காய்ச்சல் இது. அதைக் குணமாக்கும் குளோராம்பெனிகால் என்ற மருந்தை 1948இல் முதலில் இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது கோலாலம்பூரில். செட்டிநாட்டுக்காரர்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன ஊர்கள் இரண்டும். அப்பத்தாவிடம் சொன்னபோது, “எங்க ஐயா பர்மாவுல இருந்து நடந்தே வந்தவுக, அவுகளுக்கு வந்திருக்குமோ?” என்றார். வந்திருக்கலாம்.

திருப்பிப் பார்த்தால்

அப்படியானால் இந்தப் பையனை எந்த நாளில் கூட்டிவந்திருக்க வேண்டும்? நான்காம் நாள், வயிற்றில் புள்ளி தெரிந்த அன்றே. காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்தால் அன்று அல்லது மறுநாள் காட்டிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அம்மா ஒருநாள்தான் தாமதித்தார், அதுவும் ஒளித்துக்கொண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

காய்ச்சல் இல்லை, பிள்ளை ஓடியாடுகிறது, சாப்பிடுகிறது, தோலில் மட்டும் ஏதோ இருக்கிறது என்றால் நிதானமாக இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். சித்திரை வெயிலில் வேர்க்குரு, கொசுக்கடி, காணாக்கடி எல்லாம் இந்த வகை. காணாக்கடித் தடிப்பு காலையில் தொடையில் இருக்கும், மாலையில் அங்கே காணாது, கையில் இருக்கும். இடம் மாறுவதே அதன் குணம். ஆனால் அதோடு உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், விடாமல் வாந்தி வந்தால், பிள்ளை துவண்டால் மந்திரிக்கவும் வேண்டாம், என் கிளினிக்குக்கும் வரவேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

டம்ளருக்கு மறையாத புள்ளிகளுக்கு வருகிறேன். காய்ச்சலோடு அவை இருந்தால் மணி பார்க்கக் கூடாது, நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் கலந்திருந்தால் சில மணி நேரமே வித்தியாசம். காய்ச்சலே இல்லாமல், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். தட்டணு குறைந்திருக்கலாம். சளி பிடித்து ஓரிரு வாரம் கழித்துப் புட்டத்திலும் காலிலும் மட்டும் அப்படி வந்து, மூட்டும் வயிறும் வலித்தால் சிறுநீரையும் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

புதிதாக ஒரு மருந்து சாப்பிட்ட பிறகு தோல் எரிந்து, கொப்புளமாகி, வாயும் கண்ணும் புண்ணானால் மருந்தை நிறுத்திவிட்டு அதே அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஐந்து நாளைத் தாண்டியும் காய்ச்சல், பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்த உதடு, வீங்கிய கை கால் என்றால் கவாசாகி நோயாக இருக்கலாம். பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் இதயத்தின் ரத்தக் குழாய் பழுதாகும் வாய்ப்பு கூடும்.

மிகப் பெரிய ஏமாற்று வேலை செய்வது டெங்கு. காய்ச்சல் இறங்கியதும் வீடே மூச்சுவிடும், ஆனால் அதில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான். கை கால் சில்லிட்டு, வயிறு வலித்து, ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். டெங்கு சந்தேகம் இருக்கிற பருவத்தில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். ஐபுப்ரோஃபென் வேண்டாம், ஆஸ்பிரின் எப்போதுமே வேண்டாம்.

வாட்ஸப்பில் படம் அனுப்பி “இது என்ன சார்” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தை நான் அழுத்திப் பார்க்க முடியாது, படத்துக்குக் காய்ச்சலும் அடிக்காது. ஆனாலும் எடுத்து வையுங்கள், பகல் வெளிச்சத்தில், தினம் ஒன்று. தடிப்பு மறைந்த பிறகு வரும் பிள்ளைக்கு அதுதான் சாட்சி.

என் பக்கம் மாறியது: காய்ச்சலோடு வரும் எந்தப் பிள்ளைக்கும் இப்போது அரணாக்கயிற்றை விரலால் நகர்த்திப் பார்க்கிறேன். கொல்லையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறேன். கூட்டம் அதிகமான நாளில் இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கொல்லையை வெட்டுவதற்குப் பங்காளிகள் சம்மதம் வாங்க ஒரு வாட்ஸப் குழுவே தேவைப்பட்டதாம். மூன்று நாடுகளிலிருந்து பதில் வந்து, பொங்கலுக்கு முன் வெட்டியாயிற்று. நோன்பன்று பையன் வீட்டில்தான் இருந்தான், அப்பத்தா கையால் நோன்பு இழை (திரி ஏற்றிய மாவு) வாங்கிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். பொருக்கு உதிர்ந்து, சின்னத் தழும்பு மட்டும். புதிதாகக் கட்டிய கயிறு சிவப்பு நிறம். நான் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே அப்பத்தா பையனை மேசைமேல் ஏற்றி, சட்டையைத் தூக்கி, டிரவுசரையும் இறக்கிவிட்டு, “பாருங்க தம்பி” என்றார்.